தாய் ஒருத்தியே என்ற விதி

மார்ச் 2

'கண்ணி' கருவியின் பராமரிப்பாளர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கருவியின் உதவிக் குறிப்பில், கடைசி வரியில் இருந்த முகவரிக்கு இதை எழுதுகிறேன். ஐந்து மருத்துவமனைகளின் நோயாளிப் பதிவுகளை ஒன்று சேர்க்கும் அலுவலகத்தில் பதிவுப் பிரிவின் தலைவியாக இருக்கிறேன். கறுப்புத் திரையைத் திறந்து 'கண்ணி' என்று தட்டித்தான் எங்கள் பிரிவில் தினமும் வேலை தொடங்குகிறது. கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் மூன்றே துண்டு: யார், என்ன உறவு, யாரோடு. அப்படிப்பட்ட பல லட்சம் வரிகளைக் கோத்துக் கொடுப்பது கண்ணியின் வேலை. இதைத் தங்களுக்கே நான் விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். விஷயத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரி 27 அன்று ஐந்தாவது மருத்துவமனையின் கோப்பை முதன்முறையாகச் சேர்த்தோம். சேர்த்த உடனே, அறுபத்தொரு வயதுப் பெண் நோயாளி ஒருவர் இறந்துவிட்டதாகக் கருவி காட்டுகிறது. அவர் இறக்கவில்லை. நேற்றுக் காலை என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, தான் இறக்கவில்லை என்று பிரிவு முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

இதய வால்வு அறுவை சிகிச்சைக்கான பட்டியலில் ஏழாவதாக இருந்தவர் அவர். இறந்தவர்களைப் பட்டியல் தானாகவே கழற்றிவிடும். வெளியூர் மருத்துவர் குழு வருடத்துக்கு இருமுறைதான் வரும். இம்முறைக்கான பட்டியல் மார்ச் 20 மாலை நான்கு மணிக்கு மூடப்படும். அடுத்தது செப்டம்பரில். அதுவரை தாங்காது என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

கருவி ஏன் இப்படிச் செய்தது என்று தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பதிவுப் பிரிவுத் தலைவி

பி.கு. நோயாளி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

*

மார்ச் 4

அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. கருவி, அதில் எழுதப்பட்ட விதிகளின்படியே நடக்கிறது. அவற்றில் ஒன்று: ஒருவருக்குத் தாய் ஒருத்தியே.

காரணம் இதுதான். ஒரே பெண் ஐந்து மருத்துவமனைக்குப் போனால் ஐந்து எண் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஐந்தும் ஒரே ஆள் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பிள்ளையின் பதிவில் 'தாய்' என்று இரண்டு எண் இருந்தால், ஒருவருக்கு இரண்டு தாய் இருக்க முடியாது என்பதால், அந்த இரண்டு எண்ணும் ஒரே பெண் என்று கருவி எடுத்துக்கொள்ளும். இருவரின் விவரங்களையும் ஒன்றாக்கிவிடும். பதினோரு ஆண்டுகளாக இந்த விதியைப் பற்றி ஒரு புகாரும் வந்ததில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயிரோடு இருப்பவருக்கு 'உயிரோடு இருக்கிறார்' என்று யாரும் வரி எழுதுவதில்லை. இறந்தவருக்குத்தான் இறந்த தேதி என்று ஒரு வரி உண்டு. ஆகவே இரண்டு பேர் ஒன்றாகும்போது அந்தத் தேதிதான் மிஞ்சும்.

திரையில் 'கண்ணி ஏன்' என்று தட்டி, நோயாளியின் எண்ணைக் கொடுங்கள். எந்த வரிகளால் சேர்த்தது, அவை எந்தக் கோப்பிலிருந்து வந்தவை என்று சொல்லும். குறை தரவில்தான் இருக்கும். கருவியில் இருக்காது.

இப்படிக்கு,
பராமரிப்பாளர்

பி.கு. வால்வு என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நாளாக இப்படி? எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

*

மார்ச் 5

அண்ணா,

போதும் இந்த அம்மையீர், ஐயா வேஷம். நான்தான் ஆரம்பித்தேன், நானே முடித்துக்கொள்கிறேன்.

ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்கிறாயே, யார் சொல்வது, எங்கே சொல்வது? அப்பா இறந்த அன்று, கூடம் நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும்போது, என் அம்மாவைப் பார்த்துக் கை நீட்டி, "இவங்க எனக்கு அம்மா இல்ல"ன்னு கத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனவன் நீ. ஒன்பது வருடம் ஆகிறது. போன் நம்பரையும் மாற்றிக்கொண்டாய். கூடப்பிறந்த அண்ணனின் விலாசத்தை ஒரு மென்பொருளின் உதவிக் குறிப்பில் தேடிப் பிடிக்க வேண்டிய யோகம் வேறு யாருக்கு வாய்க்கும், சொல்.

நீ சொன்னபடி 'ஏன்' தட்டினேன். நாலே வரி வந்தது. பிள்ளையின் எண், உன்னுடையது. உன் பிறப்புப் பதிவின்படி தாய், அப்பாவின் முதல் மனைவியான பெரியம்மா. ஐந்தாவது மருத்துவமனையின் கோப்பின்படி தாய், என் அம்மா. ஆகவே இருவரும் ஒருவர்.

பெரியம்மா இறந்த தேதி என் அம்மாவின் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. முப்பத்தேழு வருடத்துக்கு முந்தைய தேதி. அதாவது, என்னைப் பெறுவதற்கு மூன்று வருடம் முன்பே என் அம்மா இறந்துபோயிருக்கிறாள். உன் கருவிக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை, மகராசன் பெற்ற கருவி.

இதய நோய்ப் பிரிவில் கவுன்டர் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "இவங்க காலமாயிட்டாங்களே"ன்னு சொல்லியிருக்கிறாள். அம்மா, "எப்போம்மா?"ன்னு கேட்டாளாம். அந்தப் பெண் தேதியைச் சொன்னதும், "அப்போ நான் வேலைக்கே சேரலையே, முப்பது வருஷம் அந்த பஸ்ல டிக்கெட் கிழிச்சது யாரு?"ன்னு கேட்டு, வரிசையில் நின்றவர்களை எல்லாம் சிரிக்க வைத்திருக்கிறாள். பிறகு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க மூச்சு இல்லை. மூன்று பேர் சேர்ந்து தூக்கி வேனில் ஏற்றினார்கள். அதை என்னிடம் அவள் சொல்லவில்லை, வேன்காரர் சொன்னார்.

இந்த விதியை எழுதியவன் நீ. இரண்டு அம்மா என்பது உனக்கு எப்போதுமே தொண்டையில் இறங்காது. அதைப் போய்க் கருவிக்கும் கற்றுக்கொடுத்துவிட்டாய்.

ஐந்தாவது மருத்துவமனை உன் ஊர் மருத்துவமனை. ஒரு சேர்க்கைப் படிவத்திலிருந்து அந்த வரி வந்திருக்கிறது. எந்த எழுத்தரின் கைத்தவறோ தெரியவில்லை. மூலப் படிவத்தின் நகலைக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதினைந்து நாள்தான் இருக்கிறது.

*

மார்ச் 8

வாலு,

விதியை எழுதியது பதினோரு வருடத்துக்கு முன்னால். அப்போது ஒரு நாற்காலி, ஒரு பழைய கணினி, பக்கத்து வீட்டு இணையம். அதிகம் யோசித்து எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்த உண்மை என்று நினைத்து எழுதினேன். உன் மனோதத்துவ ஆராய்ச்சியை வேறு யாரிடமாவது வைத்துக்கொள்.

இரண்டு பேரை ஒன்றாக்கியது நான்தான் என்று மட்டும் குதிக்காதே. அப்பாவின் மறைவு அறிவிப்பை அச்சுக்குக் கொடுத்தது நீ. மனைவி என்று ஒரே ஒரு பெயர். அதற்குக் கீழே மக்கள் என்று நம் இரண்டு பேர். என் அம்மா எங்கே? என்னைப் பெற்று, ஆறு வருடம் வளர்த்து, அந்த வீட்டிலேயே இறந்தவள் எங்கே? என் கருவி இரண்டு பேரையும் சேர்த்து வைத்துக் குழப்பியது. நீ ஒருத்தியை விட்டே விட்டாய். அன்றைக்கு நான் கத்தியது அந்தத் தாளைப் பார்த்துவிட்டு. சின்னம்மாவைப் பார்த்துக் கத்தியது தப்பு, உன்னைப் பார்த்துக் கத்தியிருக்க வேண்டும்.

இப்போது அதைப் பேசி என்ன ஆகப்போகிறது. எளிய வழி இருக்கிறது. அந்த இரண்டாவது வரியை எழுத்தர் பிழை என்று எடுத்துவிடு. மறுபடி கருவியை ஓட்டு. இரண்டு நிமிட வேலை. மூலப் படிவத்தை வரவழைக்க வேண்டிய தேவையே இல்லை, வீண் தாமதம். அதை விட்டுவிடு.

சின்னம்மாவுக்கு மூச்சு எப்படி இருக்கிறது? படி ஏற விடாதே. படுக்கையைக் கீழே கொண்டுவந்தாயா? மூன்று நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நேற்று டீ போடப் போய், தூளே போடாமல் தண்ணீரைக் கொதிக்க வைத்து, டம்ளரில் ஊற்றி, பாதி குடித்த பிறகுதான் தெரிந்தது.

*

மார்ச் 10

அண்ணா,

படிவத்தின் நகல் இன்று காலை வந்துவிட்டது. நீ ஏன் வேண்டாம் என்று அவ்வளவு அவசரப்பட்டாய் என்று இப்போது புரிகிறது.

எழுத்தரின் கையெழுத்து இல்லை அது. 'ற'வுக்கு வாலைக் கீழே இழுத்து மடக்கும் ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான். தாயார் என்ற இடத்தில் அம்மாவின் முழுப் பெயர். 'உயிருடன் உள்ளாரா' என்ற இடத்தில் ஆம். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள, நம் வீட்டு போன் நம்பர். உன் நம்பரை எங்களிடமிருந்து மறைத்தவன், எங்கள் நம்பரை மனப்பாடமாக வைத்திருக்கிறாய். உனக்கு ஆபரேஷன் நடந்ததே இரண்டு வருடம் கழித்து இந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிகிறது.

திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பக்கத்து மேசை அக்கா, "என்னம்மா, கண்ணுல தூசியா?"ன்னு கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த அறிவிப்பில் பெரியம்மாவை விட்டது தப்புதான். இடம் போதவில்லை என்று அச்சகத்துக்காரர் சொன்னார், சரி என்றேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, எல்லாம் தெரிந்த மாதிரி நினைப்பு. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

இப்போது வேலையைப் பார்ப்போம். அது எழுத்தர் பிழை இல்லை என்று ஆகிவிட்டதால் அப்படிச் சொல்லி எடுக்க முடியாது. உறவு மறுப்புப் படிவம் என்று ஒன்று இருக்கிறது, இணைத்திருக்கிறேன். 'மேற்படி நபர் என் தாய் அல்லர்' என்ற வரியின் கீழே நீ கையெழுத்திட வேண்டும். 'மேற்படி நபர் என் பிள்ளை அல்லர்' என்ற வரியின் கீழே அம்மா. இரண்டும் சேர்ந்தால் அன்றே அந்த வரி போய்விடும், அம்மா உயிர் பெற்று ஏழாவது இடத்துக்கு வந்துவிடுவாள்.

இத்தனை வருடமாக நீ சொல்லிக்கொண்டிருந்ததுதான். இப்போது காகிதத்தில் சொல்.

*

மார்ச் 12

வாலு,

கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன்.

குடல்வால் வீக்கம். மத்தியானம் அலுவலகத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தவனை, பக்கத்து நாற்காலிக்காரர் கொண்டுபோய்ச் சேர்த்தார். தள்ளுவண்டியில் படுக்க வைத்து, நர்ஸ் ஒருவர் படிவத்தோடு வந்தார். கல்யாணம் ஆயிடுச்சா, இல்லை. அப்பா இருக்காரா, இல்லை. "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார். "இருக்காங்க" என்றேன். வாய் சொல்லிவிட்டது, நான் யோசிக்கவில்லை. "அப்படின்னா இங்க எழுதுங்க" என்று பேனாவைக் கொடுத்தார். எழுதினேன். மயக்க மருந்து கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் நடந்தது இது. ஆகவே பழியை மருந்தின் மேல் போட முடியாது.

அறுத்துத் தைத்த பிறகு கேட்டு வாங்கித் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. யாராவது அந்த நம்பருக்குப் போன் செய்திருப்பார்களோ என்று இரண்டு நாள் கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். ஆபத்து ஒன்றும் இல்லாததால் அவர்கள் போன் செய்யவில்லை. மூன்றாம் நாள் நானே ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

'என் தாய் அல்லர்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்திட மூன்று தாள் வீணாகிவிட்டது. முதல் தாளில் பேனா எழுதவில்லை. இரண்டாவதில் என் கையெழுத்து என்னுடையது மாதிரியே இல்லை. மூன்றாவதைக் கசக்கிப் போட்டேன். வாயால் சொன்னபோது இவ்வளவு கஷ்டமாக இல்லை. அசிங்கமாக இருக்கிறது, எழுதும்போதே.

ஆனால் அவர் உயிர்தான் முக்கியம். காகிதத்தில் நான் யாராக இருந்தால் என்ன. அவரிடம் படிவத்தைப் படிக்கக் கொடுக்காதே, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டு.

*

மார்ச் 14

அண்ணா,

டிக்கெட்டின் பின்பக்கத்தில் இருக்கிற பொடி எழுத்து வரை படித்துக் காட்டிப் பயணிகளோடு மல்லுக்கு நின்றவளிடம், படிக்காமல் கையெழுத்துப் போடச் சொல்லச் சொல்கிறாய். நல்ல யோசனை.

படித்தாள். "இது எதுக்கு?"ன்னு கேட்டாள். சொன்னேன். "எங்க, அவன் எழுதினதைக் காட்டு"ன்னு கேட்டாள். சேர்க்கைப் படிவத்தின் நகலைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். ஒரு சின்னத் தாளைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"நம்பர் சரியாத்தான் போட்டிருக்கான்" என்றாள். பிறகு என் படிவத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள். "இதுல நான் கையெழுத்து போட மாட்டேன்."

"போடலைன்னா பட்டியல்ல பேர் வராதும்மா."

"வராட்டி போகுது."

"செத்துப் போயிடுவம்மா நீ."

"அதான் ஏற்கெனவே செத்துட்டேன்னு எழுதி வெச்சிருக்கீங்களே."

"விளையாடாதம்மா."

"நான் விளையாடல. இந்த வீட்டுக்குள்ள நான் வந்தப்போ அவனுக்கு எட்டு வயசு. இத்தனை வருஷத்துல என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்ல. 'இந்தாங்க', 'வேணாம்', 'கதவைச் சாத்திட்டேன்', அவ்வளவுதான். நானும் கேட்டதில்ல. பெத்தவளைப் பறிகொடுத்த புள்ளைகிட்ட போய் அதைக் கேக்க முடியுமா? இப்போ அவனா எழுதியிருக்கான், யாரும் சொல்லாம. அதை அழிச்சுத்தான் நான் பொழைக்கணும்னா எனக்கு வேணாம். வேற வழி இருந்தா பாரு."

நான் கெஞ்சினேன், கத்தினேன், அழுதும் பார்த்தேன். டிப்போ மேனேஜரே அசைக்க முடியாத ஆளை நான் எங்கே அசைப்பது. இன்று அவள் உதடு நீலமாக இருக்கிறது. பேசி முடித்ததும் பத்து நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மிச்சம் இருப்பது ஒரே வழி, நீ கருவியை மாற்ற வேண்டும். எங்கள் கணினிப் பிரிவு மேலாளரிடம் பேசிவிட்டேன். நடுவில் புதுப் பதிப்பை ஏற்க மாட்டோம், ஆனால் எழுதியவரே நேரில் வந்து எங்கள் இயந்திரத்தில், எங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டினால் பார்க்கலாம் என்கிறார்.

வா.

*

மார்ச் 16

வாலு,

விதியைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எறிந்து பார்த்தேன். நீ அனுப்பிய சோதனைக் கோப்பில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் துண்டு துண்டாகச் சிதறிவிட்டார்கள். அவர்கள் எல்லாம் உண்மையிலேயே ஒரே ஆள், எண்தான் நாலைந்து. ஒருத்தியின் சர்க்கரை நோய் ஒரு பதிவிலும், அவளுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து வேறொரு பதிவிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. நம் ஆளைக் காப்பாற்ற ஊரான் வீட்டு ஆட்களைக் கொல்ல முடியாது.

ஆகவே விதி இருக்க வேண்டும், ஆனால் அதுவாக முடிவெடுக்கக் கூடாது. சந்தேகம் வரும் இடத்தில் நின்று, உட்கார்ந்திருக்கும் மனிதரைக் கேட்க வேண்டும். ஒரு வரி மாற்றம் என்று ஆரம்பித்தேன். இதுவரை நாற்பது இடத்தில் கை வைத்தாயிற்று. ஒரு பக்கம் தைத்தால் மறு பக்கம் பிரிகிறது. பதினோரு வருடமாக யாரையும் எதையும் கேட்டுப் பழகாத கருவி.

பதினெட்டாம் தேதி வந்துவிடுகிறேன். அலுவலகத்துக்கு நேராக வருகிறேன், வீட்டுக்கு வரமாட்டேன். இல்லை, தெரியவில்லை. வந்தால் வாசலில் என்ன சொல்வது? அவரை என்னவென்று கூப்பிடுவது? இந்த வயதில், தலையில் பாதி நரைத்த பிறகு, இதை யோசித்துக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறேன். கீழ் வீட்டுக்காரர் வந்து, "சார், ஏதாவது தொலைஞ்சு போச்சா?"ன்னு கேட்டுவிட்டுப் போகிறார்.

*

மார்ச் 19

அண்ணா,

பதினெட்டு போய்ப் பத்தொன்பதும் பாதி போய்விட்டது. எங்கே இருக்கிறாய்? நாளை நாலு மணி. மேலாளர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார். ஒன்பது வருடம் முன்னால் போன மாதிரியே இப்போதும் காணாமல் போய்விட்டாயா? சொல்லித்தொலை, நான் வேறு ஏற்பாடாவது பார்க்கிறேன்.

*

மார்ச் 20, காலை

பஸ்ஸில் இருக்கிறேன். மடியில் லேப்டாப். இருபத்து மூன்று சோதனைகளில் இருபத்திரண்டு தேறிவிட்டன. தேறாதது நம்முடையது, அதனால்தான் கிளம்பத் தாமதம். தட்டிக்கொண்டே வருகிறேன். பக்கத்து இருக்கைக்காரர் என் முழங்கையால் நாலு முறை இடி வாங்கிவிட்டார்.

*

மார்ச் 30

அண்ணா,

ஊர் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. அம்மாவை நேற்றுச் சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, எதிர்க் கட்டில் நோயாளிக்கு வந்த பார்வையாளர்களை, "முன்னாடி போங்க, வழியில நிக்காதீங்க"ன்னு ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறாள். புது வால்வு நன்றாக வேலை செய்கிறது என்று மருத்துவர் சொன்னார், எனக்கு அவர் சொல்ல வேண்டியதே இல்லை.

நீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், உனக்குப் பின்னால் நின்ற எங்களைப் பார்க்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கருவி ஓடி, நடுவில் நின்று, 'இருவர் தாய் எனக் குறிக்கப்பட்டுள்ளனர். ஒரே நபரா?' என்று கேட்டது. நீ 'இல்லை' என்று தட்டினாய். அது அத்தோடு விடாமல், 'இரு வரிகளும் இருக்கலாமா?' என்று கேட்டது. எல்லோருக்கும் அந்தக் கேள்வி வருமா, உனக்காக வைத்துக்கொண்டாயா என்று தெரியவில்லை. உன் விரல் நின்றுவிட்டது. மேலாளர், "என்ன சார், மாட்டிக்கிச்சா?"ன்னு கேட்டார். நீ 'ஆம்' என்று தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. பக்கத்து மேசை அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பட்டியலில் ஏழாவது பெயர் திரும்பி வந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் வார்டு வாசலில் நீ நின்றபோது அம்மா, "உள்ள வா, படியில நிக்காத" என்றாளே, அவ்வளவுதான் உனக்குக் கேட்டிருக்கும். நீ தண்ணீர் பிடிக்கப் போனதும் என்னிடம், "அவனை எதுவும் கூப்பிடச் சொல்லித் தொல்லை பண்ணாத. எழுதினது இருக்கில்ல, அது போதும்" என்றாள்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வாரமாகச் சொல்ல நினைத்து, நீ இங்கே இருந்தபோது வாய் வரவில்லை.

அந்த வரியை நானே எடுத்திருக்கலாம். நோயாளியின் உயிருக்கு அவசரம் என்றால் பிரிவுத் தலைவியின் கையெழுத்து ஒன்றே போதும். யாரையும் கேட்க வேண்டாம், எந்தப் படிவமும் வேண்டாம். பத்தாம் தேதியே எனக்குத் தெரியும். எடுக்கப் போனேன். அம்மாவின் பெயர், உன் கையெழுத்து, ஆம் என்ற சொல். என்னால் முடியவில்லை. நீயே சொல்லி அழி என்று உன்மேல் தள்ளிவிட்டேன். அம்மா மறுத்ததும் எனக்குள்ளே ஒரு பக்கம் சந்தோஷம். பெற்றவளின் உயிரை வைத்துக்கொண்டு நான் சந்தோஷப்பட்டேன், அண்ணா.

உத்தரவைத் தயாராக எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். மூன்று ஐம்பத்தைந்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நீ மூன்று இருபதுக்கு வந்தாய். அந்த ஐந்து நிமிடத்தில் கணினி நின்றுபோயிருந்தால் அம்மாவுக்கு அடுத்த பட்டியல் செப்டம்பரில்தான். உன்னை வரவழைப்பதற்காக நான் அம்மாவைப் பணயம் வைத்தேன். திட்டுவதானால் திட்டு.

*

ஏப்ரல் 2

வாலு,

உறவு மறுப்புப் படிவத்தை எனக்கு அனுப்பியபோது இரண்டு பக்கத்தையும் அனுப்பியிருந்தாய். பதிவுப் பிரிவுக்காரிக்கு ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பக் கை வருமா? பின்பக்கத்தில், குறிப்பு நான்கில், நீ சொன்ன அதிகாரம் பொடி எழுத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே படித்துவிட்டேன்.

நீ மறைக்கிறாய் என்று தெரிந்ததும் கோபம் வந்தது. பதினான்காம் தேதி நீ 'வா' என்று எழுதியபோது, குறிப்பு நான்கைச் சுட்டிக்காட்டி, 'நாடகம் போதும், நீயே அழித்துவிடு' என்று ஒரு கடிதம் எழுதினேன். எழுதி முடித்து, அனுப்பும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அனுப்பியிருந்தால் நீ அன்றைக்கே அழித்திருப்பாய். நான் அறையிலேயே இருந்திருப்பேன். அந்தக் கடிதத்தை அழித்துவிட்டுக் கருவியைத் திறந்தேன்.

ஆகவே பணயம் வைத்தது நீ மட்டும் இல்லை. உன் இழுப்பறையில் ஒரு உத்தரவு இருக்கும் என்று உன்னைத் தெரிந்த எனக்குத் தெரியாதா? நான் வராவிட்டாலும் அம்மா பிழைத்திருப்பார்கள். அது தெரிந்துதான் பஸ் ஏறினேன்.